பாலம் திருத்தியாச்சி

பிரசவ வலி கண்ட மனைவி ஹிமாயாவை ஏற்றிக்கொண்டு ஓட்டோ சவளக்கடையிலிருந்து கிளம்பிவிட்டது என்று கேள்விப்பட்டதும் றிஸ்மி கைபேசியை எடுத்தான். ஓட்டோக்கார ஸஹீதை அழைத்தான்.

"காக்கா, பாலத்தால வராதீங்க! வெள்ளத்துல தூண் அரிச்சிப் போயிரிக்கி."

"என்ன தம்பி கதைக்கிறீங்க? பாலம் திருத்தியாச்சி எண்டு எம்.பி.ட பேஸ்புக்ல காலையில போட்டிரிக்காங்களே! அத நம்பி ஏறிட்டன்."

"யா அல்லாஹ்! அது பொய், திருப்புங்க!"

ஏதோ முறியும் சத்தம். ஹிமாயாவின் அலறல். "காக்கா! காக்கா!" என்று கத்தினான் றிஸ்மி.

"அல்ஹம்துலில்லாஹ், பின்னால எடுத்திட்டன்," என்றான் ஸஹீத், அழுதபடி. "டயருக்கு முன்னால பாலம் இடிஞ்சி விழுந்திட்டு. இந்தப் பொய்ய எழுதினவன் ஆரு தம்பி?"

எம்.பி.யின் அலுவலகத்தில், காலையில் தானே எழுதிப் போட்ட செய்தியை றிஸ்மி அழிக்கப் போனான்.

அதற்குள் முந்நூறு பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள்.