ஏழு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம்

ஏழு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம்!

அவள் கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோனாள். தூர விலக்கினாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

அதேதான்.

கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் கணவர் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு அவளுக்கு முன்பே எழுந்துவிட்டார் போலிருக்கிறது.

"என் ராசா!" என்று அவர் கன்னத்தைக் கிள்ளினாள். முப்பத்தெட்டு வருடத்தில் செய்யாத காரியம்.

மறதி நோய் வந்த அவருக்கு எட்டு மாதமாகத் தூக்கம் கிடையாது. இரவெல்லாம் வீட்டுக்குள் நடப்பார், தாழ்ப்பாளை நோண்டுவார். பின்னாலேயே அவளும் நடப்பாள். மூளையில் புரதம் வண்டல் மாதிரிப் படிந்து, தூக்கத்துக்கான நரம்புப் பாதைகளைக் கெடுக்கிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியிருந்தார். நன்றாகத் தூங்கினால் வண்டல் கொஞ்சம் குறையும். ஆனால் அந்த வண்டல்தான் தூங்க விடாது.

தூக்கத்தை அளந்து கைப்பேசியில் காட்ட ஒரு துணிப் பட்டை கொடுத்தார்கள். கையில் கட்டினால் பிய்த்து எறிகிறார் என்று கணுக்காலில் கட்டினாள். ஒரு வாரம் பார்ப்போம், ஒருநாளாவது நாலு மணி நேரம் காட்டாவிட்டால் திங்கட்கிழமை காப்பகம்தான் என்று மகன் கறாராகச் சொல்லிவிட்டான்.

நேற்றோடு வாரம் முடிந்தது.

மகனுக்குப் போன் போட்டாள். "டேய், உங்கப்பா ஏழு மணி நேரம் தூங்கியிருக்காருடா! காப்பகமாவது, கத்திரிக்காயாவது!"

"மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும்மா."

"உனக்குத்தான்டா கோளாறு!"

பேசிக்கொண்டே அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. வழியட்டுமே! அவர் கையைப் பிடித்து எழுப்பி, சமையலறை வரை ஒரு சுற்றுச் சுற்றினாள். அவரும் கிறுகிறுவென்று சுற்றினார். கண் மட்டும் சிவந்திருந்தது. தூங்கி எழுந்த கண் அப்படித்தான் இருக்கும்.

பட்டையைச் சார்ஜில் போடலாம் என்று குனிந்தாள்.

அவர் கணுக்கால் வெறுமையாக இருந்தது.

"எங்கே கழட்டி வெச்சீங்க?"

அவர் அவள் காலைக் காட்டினார். நைட்டியின் ஓரத்துக்குக் கீழே, கோணல்மாணலாக இறுக்கிக் கட்டியிருந்தது.

"இதைக் கட்டினா தூக்கம் வரும்னு நீதானே சொன்னே" என்றார். "நீ தூங்கி எவ்வளவு நாளாச்சு! சத்தம் கேட்டா முழிச்சுக்குவியேன்னு ராத்திரி பூரா நான் எந்திரிக்கவே இல்லை."