பின் சக்கரத்துப் பிரார்த்தனை

கண்ணை மூடி, தலையைக் குனிந்து, சைக்கிளின் பின் சக்கரத்துக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார் ஓட்டுநர். உதடுகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

"கார் ஓட்டுற ஆளு சைக்கிள் முன்னால இப்படி உருகுறதை இங்கதான்யா பாக்குறேன்" என்றார் குடியிருப்பின் காவலாளி, வாசல் நாற்காலியில் இருந்தபடியே.

"நம்ம சார் பத்திரமா போயிட்டு வரணும்ல, அண்ணே."

"நல்ல மனசுய்யா உனக்கு."

காவலாளி செய்தித்தாளுக்குத் திரும்பியதும், நல்ல மனசுக்காரரின் கட்டைவிரல் வால்வை அழுத்தியது. 'புஸ்' என்று டயர் மூச்சை விட்டது. "கடவுளே, காத்து உன்னோடது. உன்கிட்டயே திருப்பி அனுப்புறேன். இதைப் போய்ப் பாவக் கணக்குல எழுதிடாதே" என்று பிரார்த்தனையை முடித்து, முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

சைக்கிள், முதல் மாடியில் குடியிருக்கும் வெளிநாட்டுப் பொறியாளருடையது. ஆள் நல்ல உயரம். காவலாளி அவருக்கு வைத்திருந்த பெயர் ஒட்டகச்சிவிங்கி. வந்த வருடத்திலேயே ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டு, எல்லோரையும் 'அண்ணா' என்று அழைக்கப் பழகியிருந்தார்.

கம்பெனி அவருக்குக் காரும் ஓட்டுநரும் கொடுத்திருந்தது. அப்படியிருந்தும் அலுவலகக் கூட்டத்தில் எழுந்து, "எங்க ஊர்ல மந்திரியே சைக்கிள்லதான் போவாரு. இனிமே நானும் அப்படித்தான்" என்று முழங்கிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டிய கை ஆறுவதற்குள் மேலாளர் ஓட்டுநரைக் கூப்பிட்டு, "சாருக்கு சைக்கிள் பழகிடுச்சுன்னா மாசக் கடைசியோட காரை நிறுத்திடலாம். நீயும் வேற இடம் பாத்துக்க" என்றார்.

ஓட்டுநரின் மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். தலை நரைத்த பிறகு வேறு இடம் என்பது வேறு ஜென்மம் மாதிரி.

முதல் நாள் பொறியாளர் சைக்கிளில்தான் போனார். சாயங்காலம் திரும்பியவர் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"எப்படி சார் இருந்துச்சு நம்ம ரோடு?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"பிரமாதம்ணா" என்றவர், தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து அப்படியே மாடியேறிப் போனார்.

மறுநாளே ஓட்டுநரின் பிரார்த்தனை ஆரம்பமாயிற்று.

"முள்ளு குத்தியிருக்கும் சார்."

"அப்படியாண்ணா? சரி, காரை எடுங்க."

முள் தீர்ந்து ஆணி வந்தது. ஆணியும் தீர்ந்த ஒரு நாள், "வெயில்ல காத்து ஆவியாப் போயிருக்கும் சார்" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். பெரிய பட்டமெல்லாம் வாங்கிய மனிதர், "இருக்கும்ணா, இருக்கும்" என்று தலையாட்டிவிட்டு, காரில் ஏறிச் சாய்ந்து, அலுவலகம் வரைக்கும் சீட்டியடித்துக்கொண்டே வந்தார்.

சாயங்காலமானால் சைக்கிளைக் கடைக்குத் தள்ளிப்போய்க் காற்றடித்து வைப்பதும் ஓட்டுநர்தான். மறுநாள் பிடுங்குவதற்குக் காற்று வேண்டுமே. சைக்கிளோடு வாங்கிய பம்பு, உறைகூடப் பிரிக்காமல் அதன் கம்பியிலேயே தொங்கியது. அது பொறியாளரின் ஞாபகத்துக்கு வராததைத் தன் பக்திக்குக் கிடைத்த பலன் என்று ஓட்டுநர் நம்பினார்.

ஒரு நாள் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது நல்ல மழை. பாதி வழியில் காருக்கே பங்ச்சர். யாரும் கை வைக்காத, நிஜமான பங்ச்சர். ஓட்டுநர் இறங்கிக் குந்தி டயரைக் கழற்றியபோது, முதுகில் மழை நின்றது. நிமிர்ந்தால், பொறியாளர் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயோ சார், நீங்க நனையுறீங்க. உள்ள உக்காருங்க."

"நான் நனைஞ்சா துணி மாத்திக்குவேன். நீங்க வேலையைப் பாருங்கண்ணா."

ஓட்டுநர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். காற்று விஷயத்தையும் சேர்த்துக் கொட்டிவிட்டார். அவர் மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள்.

"உங்களுக்குக் குடை பிடிச்ச மனுஷனோட டயர்லயா தினம் கை வைக்கிறீங்க? நல்லா இருக்குங்க உங்க பக்தி."

"வேலை போயிடுமே."

"போனா போகட்டும். நான் ரெண்டு துணி கூடத் தைக்கிறேன். நாளைக்கு அவர்கிட்ட உள்ளதைச் சொல்லிட்டு வந்து சாப்பிடுங்க."

மறுநாள் காலை, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு மண்டியிட்டார் ஓட்டுநர். "கடவுளே, இன்னைக்கு என் விரலை நீ பிடிச்சுக்க" என்று வேண்டினார். டயர் கல் மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நின்றால் விரல் கேட்காது என்று, கார் கழுவத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

வாளியோடு திரும்பியபோது, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு சைக்கிள் பக்கத்தில் நின்றார் பொறியாளர். ஓட்டுநர் வாளியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"சார், முள்ளும் இல்ல, ஆணியும் இல்ல. நான்தான் தினம் காத்தைப் பிடுங்கினேன். நீங்க சைக்கிள்ல போயிட்டா என் பிழைப்பு போயிடும்னு பயந்துட்டேன். மன்னிச்சிடுங்க. இன்னைக்குத் தொடவே இல்ல, நீங்க தாராளமா சைக்கிள்லயே போங்க."

பொறியாளர் பின் சக்கரத்தைப் பார்த்தார். ஓட்டுநரும் பார்த்தார். டயர் தரையோடு தரையாகச் சப்பிக் கிடந்தது.

"சத்தியமா இன்னைக்கு நான் இல்ல சார்."

"தெரியும்ணா."

அப்போதுதான் ஓட்டுநர் கவனித்தார். பொறியாளரின் இஸ்திரி போட்ட பேண்ட்டின் இரண்டு முழங்கால்களிலும் தூசி.

பொறியாளர் தலைக்கவசத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். காவலாளி செய்தித்தாளில்தான் இருக்கிறாரா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு மறந்துடாதீங்கண்ணா, அந்த ரோட்டுல இன்னொரு தடவை சைக்கிள் ஓட்ட என்னால ஆகாது."