எல்லாம் வாளியால்தான்

ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் காந்த ஊசி ஒன்று இருந்தது. சூரியனில் வெடித்துக் கிளம்பும் புயல் பூமியைத் தொட்டால் அது நடுங்கும். நடுங்கியதும் மணியடித்து மின்நிலையத்தை உஷார்ப்படுத்த வேண்டும். அதற்கு அவ்வளவுதான் வேலை.

ஆனால் பக்கத்தில் இரும்பு வந்தாலும் ஊசி நடுங்கும். செடிக்குத் தண்ணீர் சுமக்கும் இரும்பு வாளியோ தினமும் ஜன்னலோரம்தான் போகும்.

"மறுபடியும் வந்துட்டியா? எத்தனை தடவை சொல்றது!"

"செடி காயுதே ஊசியண்ணே, நான் என்ன பண்ண?"

ஒருநாள் மாடியிலிருந்து தொலைநோக்கி கத்தியது: "சூரியன்ல பெரிய வெடிப்பு! ரெண்டு நாள்ல புயல் வரும், தயாரா இரு!"

"எங்க இருக்க விடுறாங்க? முதல்ல அந்த வாளி எங்கயாவது போய்த் தொலையட்டும்," என்று ஊசி சிடுசிடுத்தது.

மூன்றாம் நாள் காலை ஊசி என்றுமில்லாதபடி உதறியது. அதற்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏய் வாளி! இன்னைக்கு உள்ளேயே நுழைஞ்சிட்டியா? வெளியே போ!" மணியைத் தொடாமல் திட்டிக்கொண்டே இருந்தது.

மின்விசிறி நின்றது. ஊர் முழுக்கக் கரண்ட் போயிருந்தது.

தோட்டத்துக் கோடியிலிருந்து வாளியின் குரல் எதிரொலித்தது: "கூப்பிட்டீங்களா அண்ணே? அன்னைக்கு நீங்க திட்டினதுலேர்ந்து நான் கிணத்துக்குள்ளதான் கிடக்கேன். புயல் வந்துச்சா?"