எதிர்க்கடைக் கடிகாரம்

"அந்தக் கடிகாரம் விக்கறதுக்கு இல்ல சார். வேற என்ன வேணும், சொல்லுங்க."

ஜெராக்ஸ் மெஷினில் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கடைக்காரப் பெண்மணி கேட்டாள். பின்னே, உள்ளே வந்ததிலிருந்து சுவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால்?

"ஒண்ணும் வேணாம்மா. எதிர்த்த பள்ளிக்கூடத்துலதான் நான் படிச்சேன்..."

அவள் நிமிர்ந்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தாள்.

"டேய்! அவசரக்குடுக்கை!"

அவள் போட்ட கூச்சலில், மூலை நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த அவளுடைய அப்பா திடுக்கிட்டு விழித்தார்.

ஐம்பத்தைந்து வயது இன்ஜினியரை இப்படியா கூப்பிடுவது? வகுப்பில் எதையும் முதலில் எழுதி முடிப்பவர் அவர். அதனால் வந்த பெயர். முத்து முத்தாக எழுதி, எல்லாருக்கும் கடைசியில் பேனாவை மூடுகிறவள் இவள். இவளுக்கு ஆமை என்று பெயர். கணக்கில் மட்டும் ஆமையை ஒருத்தராலும் முந்த முடிந்ததில்லை.

"அப்பா, யாருன்னு தெரியுதா? டவுன் ஸ்கூல் சீட்டை என்கிட்டேருந்து தட்டிக்கிட்டுப் போன மகராசன்!"

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"ஊருக்கே ஒரே ஒரு சீட்டு. ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். அன்னைக்குப் பரீட்சையில இருபது நிமிஷம் முன்னாடியே மணி அடிக்காம இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி! கடைசி ரெண்டு கணக்கு. விடை மனசுக்குள்ள நிக்குது, பேப்பரைப் பிடுங்கிட்டாங்க. மத்தியானம் மில் சங்கு ஊதினப்புறம்தான் தப்பே தெரிஞ்சது. அதுக்குள்ள பேப்பரைக் கட்டி, சீல் வச்சு அனுப்பியாச்சு."

"இருபது நிமிஷமா?"

"பின்னே?"

வருஷம் ஏற ஏற நிமிஷமும் ஏறிவிட்டது போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"அதோட படிப்புக்கு முழுக்குப் போட்டாச்சு. அதுவும் நல்லதுக்குத்தான்னு வச்சுக்கோயேன். அம்மா தவறி அப்ப ஆறு மாசம்தான். நான் ஹாஸ்டலுக்குப் போயிருந்தா தம்பிங்க ரெண்டு பேரையும் யாரு பாத்திருப்பா? இரு, டீ போட்டு எடுத்துட்டு வரேன். வழக்கம் போல ஓடிடாதே."

அவள் உள்ளே போனாள். அவர் ஸ்டூலை இழுத்துப் பெரியவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பழைய மர ஸ்டூல். கால் ஆடியது.

"மாமா, அவகிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன். முதல்ல உங்ககிட்ட சொல்லிடறேன். நாப்பத்து மூணு வருஷமா நெஞ்சுல முள்ளா கிடக்கு."

"சொல்லுப்பா."

"பள்ளிக்கூடத்துல அப்ப கடிகாரமே கிடையாது. காலையில மில் சங்கு ஊதினா பரீட்சை ஆரம்பம். முடிக்கறதுக்கு மட்டும், ஆயா பள்ளிக்கூட கேட் பக்கத்துல வந்து நின்னு உங்க கடிகாரத்தை எட்டிப் பாத்துதான் மணி அடிப்பாங்க."

"ஆமாம். என்னை நம்பித்தான் அந்தப் பள்ளிக்கூடமே ஓடிச்சு."

"அன்னைக்கு நான்தான் முதல்ல முடிச்சேன். பேப்பர் கட்ட நூல் வாங்கிட்டு வாடான்னு டீச்சர் இங்க அனுப்பினாங்க. நீங்க நூல்கண்டு எடுக்க உள்ள போனீங்க. நான் இந்த ஸ்டூல்ல ஏறி... பெரிய முள்ளைப் பத்து நிமிஷம் முன்னாடி தள்ளி வச்சுட்டேன் மாமா. அவ முடிச்சுட்டா சீட்டு அவளுக்குத்தான். அது எனக்கு நல்லாவே தெரியும்."

பெரியவர் அண்ணாந்து பார்த்தார். சுவரில் கடிகாரம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"திட்டிடுங்க மாமா, அடிச்சாலும் சரி. அன்னைக்கு நீங்க என்னடான்னா, என் கடிகாரம்தான் கெட்டுப்போச்சு, ஆயாவை ஒண்ணும் சொல்லாதீங்கன்னு ஹெட்மாஸ்டர் முன்னாடி பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டீங்க. நான் வராந்தாவுல நின்னு கேட்டுட்டு இருந்தேன். வாயத் திறந்து சொல்லலை. அவ வாழ வேண்டிய வாழ்க்கையை நான் வாழ்ந்துட்டேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வரட்டும். கால்ல விழுந்தாவது அவகிட்ட சொல்லிடறேன்."

பெரியவரின் கை நீண்டு வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. எண்பத்து நாலு வயசுக்கு அது இரும்புப் பிடி.

"வேணாம் தம்பி. சொல்லாதே."

"உங்களுக்குப் பெரிய மனசு மாமா. ஆனா என்னை இனிமேலும் காப்பாத்தாதீங்க."

"உன்னை எங்கப்பா காப்பாத்தறேன்?"

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. பெரியவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"கணக்குல அவ புலி. நீ தள்ளினது பத்து நிமிஷம்னு சொன்ன உடனே, 'மீதிப் பத்து நிமிஷம் யாருப்பா?'ன்னு என்னைத்தான் திரும்பிப் பாப்பா. நீ ஓடினதும், முள்ளைத் திருப்பி வைக்கலாம்னு இதே ஸ்டூல்ல ஏறினவன், அம்மா இல்லாத ரெண்டு சின்னப் பிள்ளைங்களை நெனைச்சுக்கிட்டு எந்தப் பக்கம் தள்ளினேன்னு, நான் எந்த வாயால சொல்லுவேன்?"