கயிற்றில் தொங்கியவன்

சாலையிலிருந்து இரண்டு மணி நேரம் காட்டுக்குள் நடந்தால்தான் அந்தப் பாறை வரும். பல் டாக்டரும் அவர் மனைவியின் தம்பியும் ஞாயிறு தவறாமல் அங்கே ஏறப் போவார்கள். அன்று மச்சினன் முதலில் ஏறினான். பாதி உயரத்தில் பாறை வயிறு தள்ளியிருக்கும். அதைத் தாண்டியதும் ஆள் கண்ணுக்கு மறைந்துவிட்டான். கீழே டாக்டர் கயிற்றை இறுக்கிப் பிடித்து அவன் கனத்தைத் தாங்கி நின்றார்.

பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தொட்டது.

"யாரைப் பிடிச்சிட்டு நிக்கிறீங்க அத்தான்? நான் கயித்தை அவுத்துட்டு அந்தப் பக்கமா இறங்கி வந்து பத்து நிமிஷமாச்சு."

மச்சினன்தான். அதே சட்டை, டாக்டரே கட்டிவிட்ட அதே முன்பல். கயிறோ இன்னும் கனத்தது.

"அத்தான், கை வழுக்குது! விட்டுடாதீங்க!" என்று மேலேயும் அவன் குரலே அழுதது.

"அது நான் இல்ல. விட்டுடுங்க. அது கீழ வந்தா நாம வீடு போய்ச் சேர மாட்டோம்."

டாக்டர் மேலே பார்த்தார், பக்கத்தில் நின்றவனைப் பார்த்தார். கண்ணெதிரே நிற்பவனை விட்டுவிட்டுக் காற்றில் வரும் குரலையா நம்புவது? கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை விட்டார். அலறல் புதருக்குள் போய் நின்றது. எட்டிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

கார் பாதி வழி வந்துவிட்டது. மச்சினன் சாவகாசமாகக் கேட்டான்:

"வீட்டுல நமக்கு யார் யார் இருக்காங்க அத்தான்?"