மீட்பு நிலையம்

சாயத் தொழிற்சாலை வாசலில் புதிதாக மாட்டிய பலகையைப் பார்த்ததும் ராசம்மாளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

'மீட்பு நிலையம்' என்றிருந்தது. அதற்கு முன்னால் இருந்த சொல்லைத் திறப்பு விழாவுக்குக் கட்டிய வாழைமரம் மறைத்திருந்தது.

கீழ்வேளூர்ப் பக்கத்தில் மீட்பு என்றால் நில மீட்புதான். கொடி பிடித்து, அடிபட்டு, பண்ணையின் உபரி நிலத்தில் ஒரு துண்டை வாங்கியவளுக்கு வேறென்ன தோன்றும்? பாழாய்ப் போன வயலை மீட்டுத்தர அரசாங்கத்துக்கு இப்போதாவது கண் திறந்ததே என்று பட்டாவை மடியில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

மேலாளர் நாகேஸ்வரன் மரியாதைக்காரர். உட்காரச் சொல்லி, கொதிகலனைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். சாயக் கழிவுநீரைக் காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகிவிடும், அடியில் உப்பு தங்கும். அதை அள்ளி மறுபடியும் சாயத்துக்கே போட்டுக்கொள்வார்களாம்.

"இங்க மீக்கிறது உப்பத்தாம்மா. நெலத்த இல்ல."

ராசம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக இவர்கள் திறந்துவிட்ட கழிவு அவள் வயலில் அல்லவா பாய்ந்தது! சுற்றிலும் பச்சையாக இருக்க, அவளுடையது மட்டும் வெளுத்துப் பொரிந்து கிடக்கிறது. விதைத்த நெல் முளைப்பதே இல்லை. கேட்டால், உன் வயல் பள்ளம் என்றார்கள். பள்ளமாம் பள்ளம்! அந்தச் சுற்றிலேயே மேட்டு வயல் அதுதான். கழிவு தானாக மேடேறி வருமா?

"ஒங்க உப்புதானே சார் என் வயல்ல கெடக்கு? அதையும் மீட்டு அள்ளிக்கிட்டுப் போங்க. மண்ண மட்டும் எனக்கு விட்டுடுங்க."

அவள் போட்ட சத்தத்தில் வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாகேஸ்வரனின் சிரித்த முகம் மாறவில்லை.

"எது, பாகீரதி பங்கா?"

எந்த வயல் என்று அவள் சொல்லவே இல்லை.

பட்டா வந்த நாளிலிருந்து ஊருக்கு அது ராசம்மா வயல். பாகீரதி பங்கு என்பது பண்ணையார் தம் மனைவி பெயரால் வைத்த பெயர். பண்ணை வீட்டார் வாயைத் தவிர வேறு யார் வாயிலும் அது இப்போது வராது. நிலம் கைமாறிய வருஷமே அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மெட்ராஸ் போய்விட்டார்கள்.

அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு போன பையனை நாகு என்று கூப்பிடுவார்கள்.