கடைசி வரிசை போதும்

கம்ப்யூட்டருக்கு ஆள் பார்த்து நடக்கத் தெரியாது என்று பலரும் நம்புகிறார்கள். தவறு. கனத்த மனத்தோடு திருத்த வேண்டியிருக்கிறது. ஸ்விட்ச் என்றொரு பெட்டி உண்டு. ஆபீஸின் ஃபோன், மெயில் எல்லாம் அதன் வழியாகத்தான் வெளியே போகும். யாரை முன்னால் விடுவது, யாரை நிறுத்திவைப்பது என்று சொல்லிக்கொடுத்தால் அது அப்படியே நடக்கும்.

2007இல், ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில், அதைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தான் கம்ப்யூட்டர் பிரிவு ஜெர்சன்.

"சாயங்காலம் ஜெர்மனிக்காரன் கூப்பிடுவான். போன வாரம் மாதிரி பேச்சு வெட்டி வெட்டி வந்தா ஆர்டர் போச்சு, நாலாவது தையல் லைனை மூடணும். ஃபோனுக்கு முதல் வரிசை போடுப்பா," என்றார் ஜி.எம். இன்பசேகரன்.

போட்டான். விஷயம் பரவியது.

"இன்னா சார், பர்ச்சேஸ் மெயில்னா அவ்ளோ இளப்பமா?" என்று வந்தார் வாஹித் பாஷா.

"சம்பளம் லேட்டானா லேடீஸ் எல்லாம் உங்க ரூமுக்குத்தான் வருவாங்க. பரவால்லியா சார்?" என்று வந்தார் எச்.ஆர். பிரிசில்லா.

யாரையும் பகைத்துக்கொள்ள இன்பசேகரனுக்குப் பயம். "எல்லாருக்குமே முதல் வரிசை போட்டுடு."

"எல்லாரும் முதல் வரிசைன்னா அது வரிசையே இல்ல சார். கும்பல்."

"போடுப்பா!"

ஸ்டோர்ஸ் சுந்தரமூர்த்தி மட்டும் கைகூப்பினார். "எனக்குக் கடைசி வரிசை போதும் சார். தோல் கணக்குதானே, மெதுவாப் போகட்டும்."

ஜி.எம். நெகிழ்ந்துபோனார். "இவரைப் பாத்துக் கத்துக்குங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

சாயங்காலம் ஜெர்மனிக்காரர் அழைத்தார். "குட்... ஆஃப்..." என்றது ஃபோன். பிறகு தவளை மாதிரி ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை.

"ஜெர்சன்! செத்தேன்!"

"முதல் வரிசை அடைச்சுக்கிச்சு சார். கடைசி வரிசைக்குன்னு ஒரு பங்கு எப்பவும் தனியா இருக்கும். அதுல ஸ்டோர்ஸ் சார் மட்டும்தான் போறாரு."

ஓடினார்கள். சுந்தரமூர்த்தியின் கம்ப்யூட்டரில் அவருடைய சிங்கப்பூர் மச்சான் தர்பூசணி தின்றுகொண்டிருந்தார். விதைகூடத் தெரிந்தது.

"யோவ், இதுக்குத்தானா அந்தக் கும்பிடு?"

"கம்பெனி பஸ்ல எல்லாரும் முன்வாசல்ல முட்டிக்குவாங்க சார். நான் பின்னாடி ஏறி உக்காந்துடுவேன். அதே பழக்கம்தான்."

மச்சானைத் துரத்திவிட்டு, ஸ்டோர்ஸ் ஃபோனையும் கடைசி வரிசையில் சேர்த்தான் ஜெர்சன். தோல் கட்டின்மேல் உட்கார்ந்து இன்பசேகரன் ஜெர்மனியைக் கூப்பிட்டார். அங்கே தும்மியதுகூட இங்கே கேட்டது. ஆர்டர் கிடைத்தது.

மறுநாள் காலை, கடைசி வரிசை கேட்டு எல்லா டிபார்ட்மெண்டும் ஜெர்சனின் அறை வாசலில் திரண்டது. முதலில் வந்தது யார் என்ற தகராறில் வாஹித் பாஷாவின் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்தது.